பதின்மூன்று சுற்றும் ஒரு கூறு கீரையும்

கோபன்ஹேகன் நகரின் நீரோரத்தில், பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில் 2003ஆம் ஆண்டு ‘நோமா’ உணவகம் திறக்கப்பட்டபோது, அந்த ஊரில் உயர்ந்த சாப்பாடு என்றால் பிரெஞ்சுச் சாப்பாடுதான். ஆலிவ் எண்ணெயும் வாத்து ஈரலும் தெற்கே இருந்து வந்தால்தான் மேசைக்கு மரியாதை. ரெனே ரெட்செப்பியும் கிளௌஸ் மேயரும் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். கடற்பாசி, காட்டுப் பூண்டு, பாறைப்பாசி, நொதித்த பார்லி என்று தங்கள் மண்ணில் கிடைப்பதை மட்டுமே வைத்து விருந்து படைத்தார்கள். அடுத்த ஆண்டே 12 சமையல் கலைஞர்கள் சேர்ந்து பத்து அம்ச அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டார்கள். பருவத்தை மதிப்பது, மண்ணையும் நீரையும் தட்டில் காட்டுவது, உள்ளூர் உழவரோடும் மீனவரோடும் சேர்ந்து நிற்பது என்பவை அதன் சாரம். டென்மார்க் உள்ளிட்ட நார்டிக் நாடுகளின் அமைச்சர்கள் குழுவும் 2005இல் அதைத் தன் திட்டமாக ஏற்றது. உலகின் சிறந்த உணவகம் என்ற பட்டத்தை நோமா ஐந்து முறை பெற்றது.

உலகம் அங்கிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு விஷயங்களை. ஒன்று, சுற்றுப்புறத்தைப் பார்க்கும் பார்வை. மற்றொன்று, ‘டேஸ்டிங் மெனு’ என்னும் சடங்கு: விருப்பப் பட்டியல் கிடையாது, உள்ளங்கை அளவுத் தட்டில் ஒரு வாய், இரண்டு வாய் உணவு, பத்து, பதினைந்து சுற்றுகள், ஒவ்வொன்றும் வரும்போது அதன் பிறப்புக் கதை. இந்தச் சடங்கை நார்டிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. பிரான்சிலும் ஸ்பெயினிலும் ஜப்பானிலும் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் இன்று உலகெங்கும் அது அணிந்திருக்கும் உடை, மண் தட்டும் பாசியும் கூழாங்கல்லுமாக, பெரும்பாலும் அவர்கள் தைத்தது.

பீர்க்கன்கரணையில் குடியிருக்கும் எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பெருங்களத்தூரில் மின்ரயில் ஏறினால் ஒன்பதாவது நிறுத்தம் கிண்டி. அங்கே ஐடிசி கிராண்ட் சோழா விடுதியில் 2017 முதல் ‘ஆவர்தனா’ இயங்குகிறது. 7, 9, 11, 13 சுற்றுகள் என்று தனித்தனி மெனு, சைவமும் அசைவமும் உண்டு. 2023ஆம் ஆண்டின் ஆசியச் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 30ஆம் இடம் பிடித்தது. இன்று கொழும்பு வரை கிளை பரப்பியிருக்கிறது. ஆகவே இது டென்மார்க்கின் பிரச்சினை மட்டுமல்ல. என் கணிப்பு இது: அந்த நார்டிக் பார்வை நமக்கு வேண்டும், சடங்கு அவ்வளவு அவசியமில்லை, சென்னையோ இதுவரை சடங்கைத்தான் நன்றாகக் கற்றிருக்கிறது.

முதலில் சடங்கின் பக்க நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆவர்தனாவின் பேர்பெற்ற உருப்படி தக்காளி ரசம். கண்ணாடிபோல் தெளிந்த ரசத்தை, பிரெஞ்சு பிரஸ் என்னும் காபிக் குடுவையில் கொத்தமல்லியோடு ஊறவிட்டு, நம் கண்முன்னே அழுத்தி வடித்து, மார்ட்டினிக் கோப்பையில் ஊற்றுகிறார்கள். கேலி செய்ய எளிதான காட்சி. ஆனால் ரசம் வைக்கும் எந்த வீட்டிலும் தெளிவு வேறு, மண்டி வேறு. காய்ச்சல்காரருக்கும் டம்ளரில் குடிப்பவருக்கும் மேலாகத் தெளிவை எடுத்து ஊற்றுவார்கள். சோற்றில் பிசைய அடியில் கலக்கிக் கரண்டி போடுவார்கள். கோப்பையில் வருவது அந்தத் தெளிவின் கடைசிப் படி. சோறு இல்லை, அப்பளம் இல்லை, பேச்சுக்கு நடுவே விழுங்கும் அவசரமும் இல்லை. மிளகு எங்கே ஏறுகிறது, சீரகம் எங்கே நிற்கிறது, புளிப்பு எப்போது இறங்குகிறது என்று நாக்கு கவனித்தே ஆகவேண்டும். தினமும் குடிப்பதால் ருசிக்க மறந்துபோன ஒன்றை அது திரும்ப ருசிக்க வைக்கிறது. சுற்றுமுறை விருந்தின் முதன்மையான பலம் இந்தக் கவனம்தான்.

வேறு பலங்களும் உண்டு. முன்பதிவு செய்து வருவதால் எத்தனை பேர், யாருக்கு எது ஆகாது என்பது காலையிலேயே தெரியும். அளந்து வாங்கலாம், மிச்சம் குறையும். இறைச்சி மேசையின் நடுவிலிருந்து விலகி, ஒரு முட்டைக்கோசோ ஒரு கிழங்கோ தனியாக நின்று ஒரு சுற்றைத் தாங்குகிறது. ஆறு மாதக் குளிருக்காக நார்டிக் பாட்டிமார் போட்ட ஊறலும் உப்பிடலும் கலைத் திறன் என்ற தகுதியைப் பெறுகின்றன. வடகமும் வற்றலும் கருவாடும் நீராகாரமும் புழங்கும் நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் சும்மா கடந்துபோகக் கூடியதல்ல.

இனி குறைகள். சாப்பிடுபவரின் கையிலிருந்து இந்தச் சடங்கு எடுத்துக்கொள்வது நிறைய. வாழையிலையிலும் ஒரு வரிசை இருக்கிறது; சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வரும். ஆனால் எதை எதோடு பிசைவது, ஊறுகாயை எப்போது தொடுவது, எதற்கு மறுசோறு கேட்பது எல்லாம் உட்கார்ந்திருப்பவர் இஷ்டம். “இன்னும் கொஞ்சம்” என்ற சொல்லுக்கு சுற்றுமுறை விருந்தில் இடமே இல்லை. பிடித்தது இரண்டு வாயில் தீர்ந்துபோகும். பிடிக்காததும் விளக்கவுரையோடு வரும். கதை நீளும்போது சூடு ஆறும். பதினோராவது சுற்றில் நாக்கு களைத்துவிட, கவனிக்கக் கற்றுக்கொடுத்த அதே முறை கவனத்தைத் தின்றுவிடுகிறது.

அதற்காக இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியாது. யார் முதல் பந்தி, யார் கடைசிப் பந்தி, யாருக்குக் கொல்லைப்புறம் என்று பிரித்த வரலாறு அதற்கு உண்டு. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்ற செய்தி 1920களின் நடுவில் தமிழக அரசியலையே உலுக்கியது. டேஸ்டிங் மெனு மேசையில் அந்தப் பாகுபாடு இல்லை. அமைச்சருக்கும் பொறியாளருக்கும் அதே தட்டு, அதே அளவு. ஆனால் பிரிக்கும் வேலையை அங்கே விலை செய்துவிடுகிறது. ஒருவருக்குச் சில ஆயிரம் ரூபாய் என்னும்போது, கதவுக்கு உள்ளே இருக்கும் சமத்துவம் கதவுக்கு வெளியே யாருக்கும் பயன்படுவதில்லை.

விலை இவ்வளவு இருந்தும் கணக்கு நேராகவில்லை என்பதுதான் விசித்திரம். ஒரு தட்டில் இருபது இதழ்களை இடுக்கியால் அடுக்க ஆள் வேண்டும். நோமாவில் அந்த வேலையின் பெரும்பகுதியை உலகெங்கிலுமிருந்து கற்றுக்கொள்ள வந்த இளைஞர்கள் நெடுங்காலம் சம்பளமில்லாமல் செய்தார்கள். 2022 அக்டோபரில்தான் அவர்களுக்குச் சம்பளம் தரத் தொடங்கினார்கள். மூன்றே மாதத்தில், 2023 ஜனவரியில், வழக்கமான உணவகமாக இயங்குவதை நிறுத்தப்போவதாகவும் இந்த முறை பணத்தளவிலும் மனத்தளவிலும் தாக்குப்பிடிக்காது என்றும் ரெட்செப்பி அறிவித்தார். சமையலறையில் தான் கத்தியதையும் மிரட்டியதையும் 2015இல் அவரே எழுதியிருக்கிறார். இயற்கையோடு இயைந்த உணவு என்று பேசிய ஓர் இயக்கம், உழைப்போடு இயையத் தவறிவிட்டது. நொதித்தலையும் பாசியையும் இறக்குமதி செய்யும் நம் ஊர்ச் சமையலறைகள் முதலில் படிக்கவேண்டிய பாடம் இதுதான்.

இதைவிடச் சிக்கலான குறை ஒன்று நமக்கே உரியது. நோமா 2015இல் டோக்கியோவில் சில வாரங்கள் கடை போட்டபோது, பச்சை இறாலின்மீது காட்டு எறும்புகளை வைத்துப் பரிமாறியது. எலுமிச்சைக்குப் பதில் எறும்பின் புளிப்பு. உணவு எழுத்தாளர்கள் கொண்டாடினார்கள். ஒடிசாவின் சிமிலிபால் பழங்குடிகள் செவ்வெறும்பை அரைத்துத் துவையல் செய்வது எந்த உணவகத்துக்கும் முந்தையது. அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2024இல்தான். நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மழை பிடித்ததும் புற்றிலிருந்து கிளம்பும் ஈசலைப் பிடித்து வறுத்து உண்பவர்கள். வயல் எலியும் நத்தையும் காட்டுக்கிழங்கும் தேனும் எங்கே, எப்போது கிடைக்கும் என்று அறிந்தவர்கள். கோபன்ஹேகனில் இந்த அறிவுக்குப் பெயர் தேடல் சமையல். இங்கே அதே அறிவு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேலி செய்யப் பயன்படுகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பாம்பு பிடிக்கும் திறனுக்காக 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்களுடைய உணவறிவை இன்னும் யாரும் அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை.

பார்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்துக்காரரான விஜய் குமார், ‘செம்மா’ உணவகத்தில் நத்தைப் பிரட்டலைப் பட்டியலில் வைத்தார். சிறுவயதில் வயலில் பொறுக்கியது. வறுமையின் உணவு என்று வெளியே சொல்லக் கூசியது. 2022இல் அந்த உணவகத்துக்கு மிச்செலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025இல் அவர் வேட்டி கட்டிக்கொண்டு ஜேம்ஸ் பியர்டு விருது வாங்கிய மேடையில், ஏழை உணவு, பணக்கார உணவு என்று ஒன்றில்லை என்று பேசினார். கவனிக்க வேண்டியது, செம்மா சுற்றுமுறை விருந்தல்ல. பிடித்ததைக் கேட்டு வாங்கி, பகிர்ந்து சாப்பிடும் இடம். அதாவது நார்டிக் பார்வைக்கு நார்டிக் சடங்கு கட்டாயமில்லை. அதேபோல, நோமாவில் பயிற்சி பெற்ற பிரதீக் சாது இமாச்சலத்தில் கசௌலி அருகே 2023இல் தொடங்கிய ‘நார்’, சடங்கை வைத்துக்கொண்டே பார்வையையும் காப்பாற்றுகிறது. இமயமலையில் விளைவதும் மேய்வதும் காய்ச்சி வைப்பதும்தான் அதன் எல்லை. ஆவர்தனாவின் எல்லை தென்னிந்தியா முழுவதும் நீள்கிறது. நினைவில் நிற்கும் ருசிகளைப் புதிய நுட்பத்தால் புதுப்பிப்பது அதன் நோக்கம். அதில் அது வென்றிருக்கிறது. இந்த மாதம், எங்கள் பீர்க்கன்கரணை ஏரிக்கு முப்பது கிலோமீட்டருக்குள் என்ன கிடைக்கிறது என்ற கேள்வி அந்த நோக்கத்தில் இல்லை.

அந்தக் கேள்வியைத் தாம்பரத்துக்குத் தெற்கே கேட்டுப் பார்க்கலாம். தையில் பனங்கிழங்கு. சித்திரையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் நுங்கு, மொட்டைமாடிகளில் வடகம். கோடை முடியும் நேரத்தில் வண்டலூர்ப் பக்கத்துக் குன்றுகளில் களாக்காய், அதையடுத்து நாவல். மழைக்குப் பின் ஏரியில் கெளுத்தியும் விராலும். முட்டுக்காடு, கோவளம் பக்கம் கொடுவாவும் நண்டும். பெருங்களத்தூர் ரயிலடி அருகே சாக்கு விரித்து உட்காரும் பாட்டியம்மாவிடம் தூதுவளை, முடக்கத்தான், மூக்கிரட்டை, பிரண்டை எல்லாம் கூறு கூறாக இருக்கும். பிரண்டையின் கணுவை ஒடித்து, நாரை உரித்து, நல்லெண்ணெயில் வதக்காவிட்டால் நாக்கு அரிக்கும் என்று கேட்காமலே சொல்லித் தருவார். “முத்தினதைத் தொடாதே கண்ணு, கொழுந்தா பார்த்து எடு” என்பதும் அந்த இருபது ரூபாய்க்குள் அடக்கம். நோமாவில் பரிமாறுபவர் தட்டோடு சொல்லும் கதையும் இதே இனம்தான்.

ஆனால் இங்கேதான் நார்டிக் கொள்கை நம்மிடம் ஒரு கடினமான கேள்வியைக் கேட்கிறது. அந்தக் கீரை எந்தத் தண்ணீரில் முளைத்தது? பீர்க்கன்கரணை ஏரியில் கழிவுநீர் கலப்பது ஊரறிந்த வழக்கு. பேரூராட்சியாக இருந்தபோதும் அதுதான் புகார். 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்த பிறகும் அதுதான் புகார். சாக்கடை சேரும் கரையில் தழைக்கும் பொன்னாங்கண்ணி, தண்ணீரில் இருக்கும் உலோகத்தையும் சேர்த்தே உறிஞ்சும். உள்ளூர் என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. கோபன்ஹேகனும் ஒரு காலத்தில் தன் துறைமுக நீரில் கழிவைக் கொட்டிய நகரம்தான். வடிகாலை மாற்றிக் கட்டி, தண்ணீரைத் தேற்றி, 2002இல் ஐலண்ட்ஸ் பிரிக்கே கரையில் மக்கள் இறங்கி நீந்தக் குளியல்துறை திறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, அதே நீரோரத்தில் நோமா வந்தது. ஒன்றால் மற்றொன்று விளைந்தது என்று நான் சொல்லவில்லை. கரையில் பறித்ததைத் தட்டில் வைக்கும் துணிச்சல், சுத்தமான பொதுநீர் இருக்கும் ஊருக்குத்தான் வாய்க்கும் என்பதே என் வாதம். அந்தச் செலவைச் செய்தது எந்த உணவகமும் அல்ல, நகரம்.

அப்படியானால் எதை எடுப்பது, எதை விடுவது? பருவத்தையும் இடத்தையும் முதலில் கேட்கும் பழக்கம் வேண்டும். எளிய பொருளை மேசையின் நடுவில் வைக்கும் மரியாதை வேண்டும். ஒரு வாயை ஒரு முழு அனுபவமாக மதிக்கும் கவனமும் வேண்டும். அதற்கு 13 சுற்று தேவையில்லை, நான்கு போதும். சம்பளமில்லாத கைகள் வேண்டாம். மறுசோறு கேட்க முடியாத மௌனமும் வேண்டாம். பாசியையும் கூழாங்கல்லையும் அலங்காரத்துக்காகக் கொண்டுவந்து வைப்பதும் வேண்டாம். நமக்கு அது வெறும் வேஷம்.

சென்னையில் நாளை ஒருவர் ‘இந்த மண்ணின் மெனு’ என்று கடை திறந்தால், அதை நான் ருசியால் மட்டும் அளக்க மாட்டேன். களாக்காய் பறித்தவருக்கு என்ன கூலி, ஈசல் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த இருளருக்குச் சமையலறையில் என்ன பதவி, கீரை முளைத்த ஏரிக்கு அந்தக் கடை என்ன செய்தது என்று கேட்பேன். பில்லில் இருக்கும் தொகையில் எவ்வளவு ஏரிக்கரைக்குத் திரும்புகிறது என்பதே அந்த விருந்துக்கான மதிப்பெண். இந்தத் தேர்வில் உலகின் முதலிடம் பெற்ற உணவகமே பாதி மதிப்பெண்ணோடுதான் வெளியே வந்தது. நாம் அதைப் பார்த்து எழுதுகிற பிள்ளைகளாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. கேள்வித்தாளை வேண்டுமானால் அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம்.