காளி ஏன் காலைத் தூக்கவில்லை?

காரைக்கால் மாவட்டம் திருநள்ளாறு கொம்யூனில் இருக்கிறது அம்பகரத்தூர். பெயரைச் சொன்னதுமே சுற்றுவட்டாரத்தாருக்கு நினைவு வருவது பத்ரகாளியம்மன் கோயில். அசுரனை வதைத்த காளி அவள். அதே காளியைப் பற்றித் திருவாலங்காட்டில் வேறொரு கதை சொல்வார்கள். அங்கே அவள் சிவனோடு நடனப் போட்டிக்கு நிற்கிறாள். ஆட்டத்துக்கு ஆட்டம் ஈடுகொடுக்கிறாள். கடைசியில் சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட, பெண் என்பதால் நாணி நின்றுவிடுகிறாள். தோற்றாள் என்று தீர்ப்பாகிறது. அவளுக்கு ஆடத் தெரியாது என்று அந்தக் கதைகூடச் சொல்லவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகளுக்கு நம் வீடுகளும் பள்ளிகளும் சேர்ந்து இன்றும் இதே தீர்ப்பைத்தான் எழுதுகின்றன. எட்டாம் வகுப்புவரை ஆண்டுவிழாவில் ஆடியவள், பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவள், பதினொன்றாம் வகுப்பில் மேடையிலிருந்து காணாமல் போகிறாள். “வயசுக்கு வந்த பிள்ளைக்கு என்ன ஆட்டம்?” என்கிறது வீடு. “இனி மார்க்தான் முக்கியம்” என்கிறது பள்ளி. இரண்டாவது காரணத்தை வெளியில் சொல்ல யாருக்கும் கூச்சமில்லை. அதனால் முதல் காரணம் அதன் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்கிறது.

மார்க் ஆண்பிள்ளைக்கும் முக்கியம்தான். ஆனால் அவனுக்குப் பள்ளிக்கு வெளியே ஊர்த்திடல் இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, திருவிழாவில் கொட்டடிக்க இடம் இருக்கிறது. பெண்பிள்ளைக்குப் பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் அடுக்களை. பள்ளியில் கலைக்கென்று ஒரு பாடவேளை இல்லையென்றால் அவளுக்கு வேறெங்கும் இல்லை. கட்டணம் கட்டி நடனம் கற்க முடிந்த வீடுகளுக்கு இந்த இழப்பு தெரியாது. சென்னை மாகாணத்தில் 1947இல் தேவதாசி முறைக்குத் தடை வந்தது. சதிர் அதற்கு முன்பே பரதநாட்டியமாகிப் பரம்பரைக் கலைஞர்களிடமிருந்து நடுத்தர வர்க்க வீடுகளுக்கு இடம்பெயரத் தொடங்கியிருந்தது. அன்று கோயிலும் சாதியும் யார் ஆடலாம் என்று தீர்மானித்தன. இன்று பெரும்பாலும் கட்டணம் தீர்மானிக்கிறது. கூலிவேலைக்குப் போகிறவரின் மகளுக்கு மிச்சமிருப்பது அரசுப் பள்ளி மட்டும்தான்.

‘ஆர்ட்ஸ் குரூப்’ என்ற பேச்சையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பையனுக்குக் கடன் வாங்கியாவது சயின்ஸ். பெண்ணுக்கு, “எப்படியும் கட்டிக்கொடுக்கப் போறோம், ஆர்ட்ஸ் போதும்.” பெண்களை அங்கே தள்ளுவதால் அந்தப் பாடங்களுக்கு மதிப்பில்லை. மதிப்பில்லாத பாடங்கள் என்பதால் பெண்களை அங்கே தள்ளுகிறார்கள். பெண்களுக்கும் அறிவியல் வேண்டும் என்று பெண்ணியவாதிகள் கேட்டது சரியான கோரிக்கை. அதில் விட்டுப்போனது இந்த உயர்வு தாழ்வு வரிசையைப் பற்றிய கேள்வி. காரைக்காலில் உள்ள அரசு மகளிர் கல்லூரிக்கு அவ்வையார் பெயர். ஒரு கவிஞரின் பெயரைத் தாங்கிய கல்லூரிக்குப் போகவிருக்கும் பெண்ணிடம், “இலக்கியம் படிச்சு என்ன பண்ணப் போற?” என்று கேட்கிறோம்.

கலைக்காகப் பேசுகிறவர்களின் வாதமும் பலவீனமாகவே இருக்கிறது. பாட்டு கற்றால் கவனம் கூடும், ஓவியம் மன அழுத்தத்தைக் குறைக்கும், அதனால் மார்க் ஏறும் என்கிறார்கள். கலையைத் தலைவலித் தைலமாக்கும் வாதம் இது. மார்க் ஏறாவிட்டால் கலை வேண்டாம் என்று சொல்லவும் இதே வாதம் போதும்.

கலைப்பாடம் உண்மையில் என்ன தரும் என்பதற்குக் காரைக்காலிலேயே சான்று உண்டு. ஒவ்வோர் ஆனிப் பௌர்ணமியிலும் மாங்கனித் திருவிழா நடக்கிறது. அதில் நாம் பார்ப்பது சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் சொன்ன புனிதவதியின் கதை: கணவன் பரமதத்தன், மாம்பழம், கணவனுக்குப் பயன்படாத அழகை உதறிப் பேயுருக் கேட்ட மனைவி. அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாடிய அம்மையாரின் சொந்தப் பாடல்கள் 143. அற்புதத் திருவந்தாதி 101, திருவிரட்டை மணிமாலை 20, மூத்த திருப்பதிகங்கள் 22. அவற்றில் மாம்பழம் இல்லை, கணவனும் இல்லை. தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்ளும் ஒரு கவிஞர் இருக்கிறார்.

திருவாலங்காட்டுப் பதிகம் ஒன்றில் சுடுகாட்டுப் பேய்த்தாய் ஒருத்தி தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைக்கிறாள். புழுதி துடைக்கிறாள், பால் கொடுக்கிறாள், போய்விடுகிறாள். தாயைக் காணாத பிள்ளை அழுது அழுது தூங்கிப்போகிறது. காளி கோயிலுள்ள அம்பகரத்தூரின் மாணவி இந்தப் பாடலை நிதானமாகப் படிக்க வேண்டும். மனைவியாகப் போற்றப்படுகிறவரின் கண் சுடுகாட்டில் எதையெல்லாம் பார்த்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். ஒரு பெண்ணைப் பற்றி ஊர் சொல்லும் கதையும் அவளே சொன்ன சொல்லும் வேறுவேறாக இருக்கலாம் என்று கண்டுகொள்கிறவள், தன்னைப் பற்றி ஊர் சொல்வதையும் சோதித்துப் பார்ப்பாள். பதினாறு, பதினேழு வயதில், கல்யாணப் பேச்சு தொடங்கும் காலத்தில், அந்தப் பழக்கம் அவளுக்கு உடனடியாகத் தேவை.

அதே பதிகம் துத்தம், கைக்கிளை, விளரி என்று சுரப்பெயர்களை அடுக்குகிறது. தக்கை, வீணை, மத்தளம், குடமுழா என்று கருவிகளை அடுக்குகிறது. இசை தெரிந்த ஓர் ஆசிரியர் இல்லாமல் இதை எப்படி நடத்துவது? மனப்பாடப் பகுதியாக்கி முடித்துவிடலாம்.

எந்தக் கலை நிகழ்ச்சியும் பெண்ணுக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. விருந்தினர் வந்தால் வரவேற்பு நடனம், ஆரத்தித் தட்டு, கோலப் போட்டி, மருதாணிப் போட்டி என்று பல பள்ளிகளில் நடப்பது கல்யாணத்துக்கான ஒத்திகை. எந்தப் பாட்டுக்கு ஆடுவது, எதை வரைவது, யார் பேசுவது என்று மாணவி முடிவெடுக்காத மேடையில் அவளும் ஓர் அலங்காரப் பொருள்தான்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கலை, அறிவியல், பாட இணைச் செயல்பாடு என்ற கறாரான பிரிவினை கூடாது என்கிறது. புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறிவிட்டன. அந்த வாரியத்தின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலில் ஓவியம், கர்நாடக இசை, நடனம் எல்லாம் விருப்பப் பாடங்கள். தாளில் கதவு திறந்திருக்கிறது. ஆனால் ஆசிரியர் பணியிடம் இல்லாத பாடத்தை எந்த மாணவியும் தேர்ந்தெடுக்க முடியாது. அரியாங்குப்பத்தில் அரசு நடத்தும் பாரதியார் பல்கலைக்கூடத்தில் இசையும் நடனமும் ஓவியமும் பட்டப்படிப்பாக இருக்கின்றன. காரைக்காலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர். பள்ளியில் ஒருநாளும் சுருதி சேர்த்துப் பாடாத பெண், அங்கே சேர வேண்டும் என்று வீட்டில் எந்த தைரியத்தில் கேட்பாள்?

ஆகவே கேட்க வேண்டியது ஆண்டுவிழாவுக்கு இன்னொரு நடனம் அல்ல. மேல்நிலை வகுப்புகளுக்கு நிரந்தரக் கலை ஆசிரியர் பணியிடம் வேண்டும். கணக்கு ஆசிரியர் கடன் வாங்க முடியாத பாடவேளை வாரத்துக்கு இரண்டாவது வேண்டும். ஒத்திகை முடிந்து இருட்டிவிட்டால் மாணவிகள் வீடு திரும்ப வண்டி வசதி வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாவிட்டால் முதல் இரண்டும் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே பயன்படும்.