'மருந்து வேண்டாம்' என்று சொல்லுமா உயிர் உணரி?

2016 பிப்ரவரியில் வங்கதேசத்தின் தென்மேற்கு மாவட்டங்களில் கோதுமைக் கதிர்கள் மணி பிடிக்கும் முன்பே வெளுத்தன. தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் முற்றி அறுவடைக்கு நிற்பதுபோல் இருந்தது. கசக்கிப் பார்த்தால் சுருங்கிய பதர். ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. நோய் கண்ட அரசு விதைப் பண்ணை வயல்களைத் தீ வைத்தே அழித்தார்கள். 1985இல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கோதுமைக் குலை நோய், முப்பது ஆண்டுகள் தென் அமெரிக்காவோடு நின்றிருந்து, ஆசியாவுக்குள் நுழைந்தது அப்போதுதான்.

இந்த நோய் இலையில் பெரும்பாலும் எச்சரிக்கை தராது. கதிர் வெளுத்ததும்தான் தெரியும். அதன் பிறகு அடிக்கும் மருந்து வீண். ஆகவே, அறிகுறி தெரியும் முன்பே பூஞ்சையைக் காட்டிக்கொடுக்கும் கருவி வேண்டும் என்ற ஆசையில் தவறில்லை. அந்த ஆசைக்கு விடையாக முன்வைக்கப்படுவதுதான் பயோசென்சர் என்னும் உயிர் உணரி. நொதி, எதிர்ப்பொருள், மரபணு இழை போன்ற ஓர் உயிர்ப்பொருள் தனக்குரிய இலக்கைப் பிடிக்கும். பிடித்ததை மின்னோட்டமாகவோ நிறமாகவோ மாற்றிக் காட்ட இன்னொரு பகுதி இருக்கும். 1962இல் லேலண்ட் கிளார்க் முன்வைத்த நொதி மின்முனையிலிருந்து வளர்ந்ததுதான் இன்று பல வீடுகளில் இருக்கும் சர்க்கரை பார்க்கும் கருவி.

அந்தக் கருவியின் வெற்றிதான் வேளாண்மையில் பெரிய எதிர்பார்ப்பை உண்டாக்கியது. என் பார்வையில், பெரிய குழப்பத்தையும் அதுவே உண்டாக்கியது. ஒரு துளி ரத்தம் உடல் முழுவதற்கும் பேசும். ஓர் இலை வயல் முழுவதற்கும் பேசாது. 20க்கு 15 செ.மீ. இடைவெளியில் நட்ட நெல் வயலில் சதுர மீட்டருக்கு 33 குத்துகள். ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டும். அவற்றில் நாலைந்து குத்தில் மட்டும் குலை நோய் தொற்றியிருக்கும் நேரத்தைத்தான் 'ஆரம்ப நிலை' என்கிறோம். அறிகுறியே இல்லாதபோது எந்த இலையைக் கிள்ளிச் சோதிப்பது? கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், தவறான இலையைக் கொடுத்தால் 'நோய் இல்லை' என்றுதான் சரியாகச் சொல்லும்.

இதைச் சொல்வதால் தொழில்நுட்பத்தின் அருமையைக் குறைத்ததாகாது. நெல்லைத் தாக்குவதும் கோதுமையைத் தாக்குவதும் மேக்னபோர்த்தே ஒரைசே என்ற ஒரே இனத்தின் வெவ்வேறு கிளைகள். நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளையும் வங்கதேசத்தில், 'குலை நோய்ப் பூஞ்சை இருக்கிறது' என்று மட்டும் சொல்லும் சோதனையால் ஒன்றும் ஆகாது. எந்தக் கிளை என்று சொல்ல வேண்டும். 2021இல் சீன, வங்கதேச ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை அதைச் செய்தது: கோதுமைக் கிளைக்கே உரிய மரபணுத் துணுக்கைப் பெருக்கி, காஸ்12ஏ நொதியால் அடையாளம் கண்டு, ஒரு காகிதப் பட்டையில் கோடாகக் காட்டுவது. நுண்ணோக்கியால் இதைச் செய்ய முடியாது. இரண்டு கிளைகளின் வித்துகளும் (ஸ்போர்கள்) பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

இலையைக் கிள்ளாமலே சோதிக்கும் வழியும் தேடப்படுகிறது. 2019இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தார், தக்காளி இலை வெளிவிடும் ஆவிகளை நிறம் மாறும் பட்டையில் பிடித்துக் கைபேசியால் படிக்கும் முறையை வெளியிட்டார்கள். பின்பருவக் கருகல் நோயை, கிருமியைச் செலுத்திய இரண்டே நாளில் அது கண்டது. (அந்தக் கிருமி உண்மையான பூஞ்சை அல்ல என்பது தாவர நோயியலாளரின் கண்டிப்பு, விவசாயிக்கு அந்த வேறுபாடு பெரிதல்ல.) ஆனால் அந்த மணத்தில் முக்கியமான பொருள், இலை காயம்பட்டாலும் வெளிவருவது. காற்றும் புழுவும் ஆடும் உலவும் தோட்டத்தில் இதன் தீர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது வேறு கேள்வி.

இலையை விட்டுக் காற்றைச் சோதித்த இங்கிலாந்து முயற்சி எனக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. கடுகு வகை எண்ணெய்ப் பயிரின் தண்டை அழுகச் செய்யும் ஸ்கிளிரோட்டினியா பூஞ்சைக்காக, சின்ஜென்டா நிறுவனமும் ரோத்தாம்ஸ்டட் ஆய்வு நிலையமும் பிறரும் சேர்ந்து 'எஸ்யீல்டு' என்ற திட்டத்தை நடத்தினார்கள். வயலோரம் நிற்கும் பெட்டி காற்றிலுள்ள வித்துகளை உறிஞ்சி ஊட்டக் கரைசலில் போடும். வித்து உயிரோடிருந்தால் முளைத்து ஆக்சாலிக் அமிலத்தைச் சுரக்கும். அந்த அமிலத்தை நொதி மின்முனை அளந்து செய்தி அனுப்பும். இதன் அழகு, பூஞ்சை தன் வேலையைத் தொடங்கும்வரை காத்திருப்பதில் இருக்கிறது. மரபணுச் சோதனை செத்த வித்தையும் எண்ணிவிடும்; இது எண்ணாது. குறையும் அங்கேயேதான்: வித்து முளைத்து அமிலம் சேர நாட்கள் ஆகும். பூவிதழ் உதிரும் குறுகிய பருவத்தில் தொற்றும் நோய்க்கு அந்தத் தாமதம் சின்ன விஷயமில்லை.

வித்து வந்துவிட்டது என்பதாலேயே நோய் வந்துவிடாது. நெல் குலை நோய்க்கு இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். குளிர்ந்த இரவும் பனியும் அதிகத் தழைச்சத்தும் துணை நிற்க வேண்டும். அவை கூடினால் பூஞ்சை ஓர் அழுத்தக் குமிழை உருவாக்கி, வளிமண்டல அழுத்தத்தைப்போல் எண்பது மடங்கு அழுத்தத்தில் இலையைத் துளைக்கும். கூடாவிட்டால் வித்து காய்ந்துபோகும். ஆகவே உணரியின் செய்தி வானிலைத் தகவலோடு சேராதவரை அரைச் செய்திதான்.

இனி நான் மையமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். விளம்பரங்கள் உணரியின் பயனை 'முன்கூட்டியே மருந்தடிக்கலாம்' என்று சொல்கின்றன. முன்கூட்டியே அடிப்பதற்கு விவசாயிக்குக் கருவி தேவையே இல்லை. கழுத்துக் குலை நோய்க்குப் பயந்து, கதிர் வெளிவரும் சமயத்தில் நாள் கணக்குப் பார்த்து இப்போதே அடித்துக்கொண்டுதான் இருக்கிறார். உணரி அவருக்குப் பணம் மிச்சப்படுத்த வேண்டுமானால், 'இந்த முறை மருந்து வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். அவர் அதை நம்பிச் சும்மா இருக்க வேண்டும். விளைச்சலில் மருந்து எச்சம் குறைவதும் அப்போதுதான். ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் டிரைசைக்ளசோல் எச்ச வரம்பைக் கிலோவுக்கு 0.01 மில்லி கிராமாகக் குறைத்து, 2018 முதல் பாசுமதிக்கும் பொருத்தியபோது, குலை நோய்க்கு வழக்கமாக அடித்த மருந்தே ஏற்றுமதிக்குத் தடையானது. தேவையற்ற ஒரு தெளிப்பைத் தவிர்ப்பதன் மதிப்பு அங்கே தெரிகிறது.

ஆனால் 'இல்லை' என்பதுதான் உணரிக்கு மிகக் கடினமான பதில். இருப்பதைக் காட்ட ஒரு வித்து போதும். இல்லை என்று உறுதி சொல்ல லட்சம் குத்துகளுக்கும் பொறுப்பேற்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, நூறு வயல்களில் இரண்டில்தான் நோய் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வயலை நல்லதென்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை சரியாகச் சொல்லும் கருவி, நோயே இல்லாத ஐந்து வயல்களையும் பிடித்துக் கொடுக்கும். அது ஐந்து வீண் தெளிப்பு; பொறுத்துக்கொள்ளலாம். நோயுள்ள வயல் ஒன்றைத் தவறவிட்டால் ஒரு குடும்பத்தின் அந்தப் போக விளைச்சலே போகும். இந்த இரண்டு பிழைகளும் ஒன்றல்ல. 'துல்லியம் இத்தனை சதவீதம்' என்ற ஒற்றை எண்ணில் இரண்டையும் கலந்து அறிவிப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

இதோடு ஒப்பிட்டால் விலை, எதிர்ப்பொருளும் நொதியும் வெயிலில் கெடுவது, பட்டைகளை ஒவ்வொரு பருவமும் புதிதாக வாங்க வேண்டியிருப்பது ஆகியவை காலப்போக்கில் சரியாகக்கூடிய குறைகள்.

வங்கதேசத்தில் நோயைச் சமாளிக்க உதவியவை எவை என்பதையும் பார்க்க வேண்டும். 2017இல் வெளியான 'பாரி கோம் 33' என்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகமும், வானிலையை வைத்து எச்சரிக்கும் முறையும் அங்கே முன்னணியில் நின்றன. எல்லைக்கு இந்தப் பக்கம் முர்ஷிதாபாத், நதியா மாவட்டங்களில் மேற்கு வங்க அரசு சில ஆண்டுகள் கோதுமைச் சாகுபடியையே நிறுத்தியது. மூன்றிலும் உணரி இல்லை. அது இருந்திருக்க வேண்டிய இடம் வயலுக்கு வெகு முன்னால், தானியம் இறங்கிய துறைமுகத்தில். இந்தப் பூஞ்சை விதையோடு பயணிப்பது. வங்கதேசத்துக்கு வந்தது தென் அமெரிக்கக் கிளை என்பதை மரபணு ஆய்வு காட்டியது. துறைமுகத்தில் மாதிரி எடுப்பதற்கு முறை உண்டு, பயிற்சி பெற்ற ஆள் உண்டு, மூட்டைகளை நிறுத்திவைக்கும் அதிகாரமும் உண்டு.

மருந்துக்குப் பணியாத பூஞ்சையைக் கண்டுபிடிப்பது இன்னொரு நல்ல பயன். பிரேசிலின் கோதுமைக் குலை நோய்ப் பூஞ்சையில் ஸ்ட்ரோபிலுரின் வகை மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் மரபணு மாற்றம் பரவியிருக்கிறது. எந்த மருந்து பலிக்காது என்று முன்பே சொல்லும் சோதனைக்கு, விவசாயி தயங்காமல் காசு கொடுப்பார்.

ஆகவே துறைமுகத் தடுப்புக் காப்பு நிலையங்களுக்கும் விதைப் பரிசோதனை நிலையங்களுக்கும் உயிர் உணரி இப்போதே தகுதியானது. வட்டாரத்துக்கு ஒன்றாக, வானிலை நிலையத்தோடு சேர்த்து வைக்கும் வித்துப் பொறிகளில் அதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு விவசாயியின் கையிலும் ஒன்று என்று மானியத் திட்டம் போட இன்னும் காலம் வரவில்லை. அப்படி ஒரு திட்டம் வந்தால், அந்தக் கருவி விவசாயிகளின் வயலில் எத்தனை முறை நோயைத் தவறவிட்டது என்ற கணக்கை முதலில் கேளுங்கள்.