கல் நகரில் கைமாறிய அதிகாரம்

இரண்டாம் உலகப்போரின் முடிவில் கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் பொதுவுடைமைக் கட்சிகள் ஆட்சிக்கு வந்ததைச் சோவியத் செம்படையின் வருகையைக் கொண்டு விளக்குவது வழக்கம். போலந்துக்கும் ருமேனியாவுக்கும் இவ்விளக்கம் பொருந்தலாம், அல்பேனியாவுக்குப் பொருந்தாது. அங்கே செம்படை கால் வைக்கவே இல்லை. 1941 நவம்பரில், யூகோஸ்லாவியத் தோழர்கள் இருவரின் துணையோடு திரானாவில் உருவான ஒரு சிறு கட்சி, மூன்றே ஆண்டுகளில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு நாட்டைத் தன் கையில் கொண்டுவந்தது. இது எவ்வாறு இயன்றது என்பதை வரலாற்று நூல்களைவிட நெருக்கத்தில் நின்று காட்டுகிறது, இஸ்மாயில் காதரே 1971இல் வெளியிட்ட, 'கல்லில் ஒரு காலக்குறிப்பு' எனப் பொருள்படும் தலைப்புடைய நாவல்.

கதை நிகழ்வது காதரேயின் சொந்த ஊரான ஜிரோகாஸ்தரில். என்வர் ஹோஜா பிறந்ததும் அவ்வூரில்தான். ஒரு சிறுவனின் கண்வழியே போர் விரிகிறது. இத்தாலியர் வருகின்றனர், கிரேக்கர் வருகின்றனர், மீண்டும் இத்தாலியர். இடையிடையே ஆங்கிலேய விமானங்கள் குண்டு பொழிய, பழைய கோட்டை மக்களின் புகலிடமாகிறது. ஒவ்வொரு படையும் வந்து, ஆணை பிறப்பித்து, போய்விடுகிறது. நாட்டின் மன்னர் ஸோகுவோ, 1939 ஏப்ரலில் இத்தாலியர் கரையிறங்கியதுமே வெளியேறியிருந்தார். அடிபணியச் சொல்வோர் அவ்வூரில் பலர். நீதி கேட்டுச் செல்வதற்கு ஒருவரும் இல்லை.

இந்த வெற்றிடத்தை யார் நிரப்பினர் என்பதற்கு நாவலின் ஒரு காட்சியே போதுமானது. எதிரி எனக் கருதப்பட்ட ஒருவரைச் சுட வந்த ஒற்றைக்கைப் போராளி, அவருடைய மகளையும் சுட்டுவிடுகிறான். அதற்காக அவனுடைய தோழர்களே அவனுக்கு மரண தண்டனை விதித்து நிறைவேற்றுகின்றனர். தணிக்கையாளர்கள் இதனைக் கட்சியின் ஒழுக்கத்துக்குச் சான்றாக வாசித்திருக்கக்கூடும். ஊரார் வாசித்திருக்கக்கூடியதும் அதுவே. தன் ஆளையே தண்டிக்கும் ஒரு கூட்டத்தை அவர்கள் அதுவரை கண்டதில்லை. தண்டிக்கும் உரிமை யாரிடம் போய்ச் சேர்கிறதோ, அரசும் அவரிடமே போய்ச் சேர்கிறது.

ஆனால் அந்தத் தீர்ப்பில் வழக்குரைப்போர் இல்லை, மேல்முறையீடு இல்லை, இரவு விடிவதற்கான பொறுமையும் இல்லை. 1945இல் திரானாவில் கூடிய சிறப்பு நீதிமன்றம், போர்க்குற்றவாளிகள் என்று சாட்டப்பட்டோரில் 17 பேருக்கு மரண தண்டனை விதித்தது. அதற்குத் தலைமை வகித்த கோச்சி ஜோஜே, 1949இல் தன் கட்சியினராலேயே மூடிய அறையில் விசாரிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். காதரே இதையெல்லாம் அறிந்தே எழுதினார் என்பது என் துணிபு. ஹோஜாவின் ஆட்சிக்குள் இருந்துகொண்டு, அக்காட்சியை விளக்காமல் விட்டதே அவருடைய துணிச்சல்.

குறையும் ஒன்று உண்டு, அது சிறியதன்று. நாவலில் சமயம் பெரும்பாலும் கிழவிகளின் செய்வினை அச்சமாகவே இடம்பெறுகிறது. வரலாறு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1942 செப்டம்பரில் பெசாவில் கட்சி கூட்டிய மாநாட்டுக்குக் குலத்தலைவர்களும் தேசியவாதிகளும் வந்தனர். பெக்தாஷி தரீக்காவைச் சேர்ந்த பாபா ஃபாயா மர்தனேஷியும் வந்தார். அத்தகைய முகங்கள் இல்லாதிருந்தால், இஸ்லாமிய மரபில் ஊறிய மலைக்கிராமங்கள் கட்சிக்குக் கதவு திறந்திருக்குமா என்பது ஐயமே. 1943 ஆகஸ்டில் முக்யேயில் தேசிய முன்னணியோடு செய்துகொண்ட உடன்பாட்டைக் கட்சி விரைவிலேயே கைவிட்டது. தேசிய முன்னணியினரில் பலர் பின்னர் ஜெர்மானியரோடு இணங்கிப்போய்த் தம் பெயரைத் தாமே கெடுத்துக்கொண்டனர். பாபா ஃபாயா, 1947இல் தரீக்காவின் உட்பூசலில் அதன் தலைமைக் குருவாலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்.

1967இல் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தக்கியாக்களும் மூடப்பட்டன. நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்த நாவலில் பாபா ஃபாயா போன்ற ஒருவருக்கு இடமில்லாமற்போனதை நாம் வியக்க வேண்டியதில்லை. எனினும் கட்சி ஊருக்குள் நுழைந்த வாயில்களில் ஒன்று சமயத்தாரே திறந்துவிட்டது என்னும் செய்தி, இந்நாவலை மட்டும் படிக்கும் ஒருவருக்குத் தெரியாமலே போய்விடும்.