எழுத்துச் சுருக்கங்களின் அதிகாரம்: வலிப்பை வரையறுப்பது குறித்து

ஒரு குறிப்பானுக்கு ஒரே குறிப்பீடுதான் என்று இல்லை, அர்த்தம் வழுக்கிக்கொண்டே போகும் என்பதை நம் சிறுபத்திரிகைச் சூழல் ஏறக்குறைய ஒரு விடுதலைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டது. பன்முக வாசிப்பு, அர்த்தங்களின் விளையாட்டு என்றெல்லாம் எழுதிக் குவித்தாயிற்று. இலக்கியப் பிரதியைப் பொறுத்தவரை சரி. ஆனால் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவர் கையிலிருக்கிற துண்டுச் சீட்டும் ஒரு பிரதிதானே. அதில் இரண்டெழுத்துக்கு நாலு அர்த்தம் இருந்தால் அது யாருக்கு விடுதலை? வலிப்பு நோயை முன்வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் வரையறை. உடம்பு வெட்டி இழுக்கிற நிகழ்வையும் வலிப்பு என்கிறோம், அது திரும்பத் திரும்ப வருகிற நோயையும் வலிப்பு என்கிறோம். நரம்பியல் இரண்டையும் பிரிக்கிறது. குழந்தைக்குக் கடும் காய்ச்சலில் வருவது, சர்க்கரை திடீரென இறங்கி வருவது, குடியை நிறுத்தியதும் வருவது, கர்ப்ப காலத்தில் ரத்தக்கொதிப்பு ஏறி வருவது எல்லாம் தூண்டப்பட்ட வலிப்புகள். இவை மட்டும் இருந்தால் அது வலிப்பு நோய் ஆகாது. 'அவனுக்கு இழுப்பு இருக்கு' என்று ஊர் ஒரு தடவை சொல்லிவிட்டால் இந்த வேறுபாடெல்லாம் அடிபட்டுப்போகிறது.

1909இல் புடாபெஸ்ட்டில் தொடங்கப்பட்ட, வலிப்புக்கெதிரான சர்வதேசக் கழகம் 2014இல் ஒரு நடைமுறை வரையறையை முன்வைத்தது. அதற்கு மூன்று வாசல்கள். ஒன்று, தூண்டப்படாத வலிப்பு, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில், இரண்டு முறையாவது வந்திருக்க வேண்டும். இரண்டு, ஒரே முறைதான் வந்திருக்கிறது என்றாலும் அடுத்த 10 ஆண்டுகளில் மறுபடி வருவதற்கான சாத்தியம், இரண்டு முறை வந்தவருக்கு இருக்கும் அளவுக்கு, அதாவது குறைந்தது 60 சதவீதமாவது இருக்க வேண்டும். மூன்று, வலிப்பு நோயின் குறிப்பிட்ட வகை ஒன்று அடையாளம் காணப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வாசலைக் கவனியுங்கள். இன்னும் நடக்காத ஒன்றின் நிகழ்தகவு இங்கே நோயின் வரையறைக்குள் வந்துவிடுகிறது. இதில் மருத்துவ நியாயம் உண்டு: அடுத்த வலிப்பு வந்து தலை மோதி விழும்வரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்கலாம். ஆனால் அந்த 60 சதவீதத்தை எதை வைத்துக் கணக்கிடுவது? மூளை மின்னலைப் பதிவு வேண்டும், ஸ்கேன் வேண்டும், இவற்றைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். இவை எட்டாத ஊரில் இருப்பவருக்கு நடைமுறையில் முதல் வாசல் மட்டும்தான் திறந்திருக்கிறது. அவர் இரண்டாவது தடவை விழுந்தாக வேண்டும். வரையறை எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதற்குள் நுழைகிற வழி வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகிறது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய், சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும், ஆனால் ஏழை நாடுகளில் முக்கால்வாசிப் பேருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதை அந்த மூன்று வாசல்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி, சீட்டுக்கு வருவோம். ஓ.பி. என்றால் புறநோயாளி. அதே கட்டடத்தின் அவசரப் பிரிவில் ஓ.பி. என்றால் பூச்சிமருந்து விஷம், ஆர்கனோபாஸ்பரஸ். வெளியே டீக்கடையில் ஓ.பி. என்றால் வேலை செய்யாமல் டபாய்ப்பது. பூச்சிமருந்து குடித்தவருக்கும் வலிப்பு வரும். அது தூண்டப்பட்டது, ஆகவே நோய்க் கணக்கில் சேராது. ஏ.இ.டி. என்றால் நரம்பியல் பிரிவில் வலிப்பு மாத்திரை. விமான நிலையச் சுவரில் தொங்கும் பெட்டியில் அது நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி. எம்.எஸ். என்றால் நமக்கு சுப்புலட்சுமி. மருத்துவர்களுக்கோ அது ஒரு நரம்பு நோய், ஒரு இதய வால்வுக் கோளாறு, போதாததற்கு மார்பின் சல்பேட், மக்னீசியம் சல்பேட் என்ற இரண்டு மருந்துகள். மக்னீசியம் சல்பேட் கர்ப்பிணிக்கு வரும் வலிப்பைத் தடுப்பது; மார்பின் அளவு மீறினால் மூச்சை அடக்குவது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போய்விடும் அபாயத்தால்தான் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கூட்டு ஆணையம் 2004இல் இந்தச் சுருக்கத்தை எழுதக்கூடாத பட்டியலில் சேர்த்தது.

'சூழலை வைத்துப் புரிந்துகொள்ளலாமே' என்பார்கள். வாஸ்தவம். ஆனால் சூழல் யார் கையில் இருக்கிறது? எழுதுகிறவர் கையில். வாங்கிக்கொண்டு போகிறவர் கையில் வெறும் எழுத்து. தமிழில் முயலகன் என்ற சொல்லுக்கும் இரண்டு அர்த்தம் உண்டு: நடராசர் காலடியில் கிடக்கிற உருவம், வலிப்பு நோய். கொல்லி மழவனின் மகளைப் பற்றியிருந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் தீர்த்ததாகப் பெரிய புராணம் சொல்கிறது. நோய்க்கும் மிதிபடுகிறவனுக்கும் ஒரே பெயர் வைத்த அந்தச் சொல்லாடலில் வன்மம் இருக்கிறது. ஆனாலும் அதை நாம் படித்துவிடலாம், எதிர்த்து வாதாடலாம். எழுத்துச் சுருக்கத்தோடு வாதாட வழியே இல்லை.

என்.சி.சி.யை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது காக்கி உடுப்பும் அணிவகுப்பும். நரம்பியலில், நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் மூளையில் தங்கும் நோய். இப்புழு பரவலாக உள்ள பகுதிகள் பலவற்றில் வலிப்பு நோயில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு இதுதான் காரணம். 'பன்றிக்கறி தின்கிறவனுக்கு வருவது' என்று சாதிக் கொழுப்போடு சொல்வார்கள். விஷயம் அப்படி இல்லை. சரியாக வேகாத கறியிலிருந்து குடலுக்குப் புழு வரும். மூளையில் கூடு உண்டாவதற்கு, புழு உள்ளவரின் மலத்திலிருக்கும் முட்டை தண்ணீர் வழியாகவோ காய்கறி வழியாகவோ கை வழியாகவோ இன்னொருவர் வாய்க்குள் போக வேண்டும். கறியைத் தொடாத வீட்டிலும் வரும். மூன்றெழுத்தை விரித்து எழுதினால் கழிப்பறை, குடிநீர், சாக்கடை என்று அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய சொற்கள் வெளியே வரும். சுருக்கமாக இருக்கும்வரை அது நோயாளியின் தனிப்பட்ட வினை.

சட்டத்திலும் இதே கதை. 1976 திருத்தத்தில் இந்துத் திருமணச் சட்டம் வலிப்பைப் பைத்தியத்தோடு சேர்த்து, கல்யாணத்தை ரத்துசெய்யக் காரணமாக்கியது. எந்த வகை, எத்தனை தடவை என்ற விளக்கமெல்லாம் இல்லை. 'மீண்டும் மீண்டும்' வந்தால் போதும். 1999இல்தான் நீக்கினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் இந்தச் சொல்லால் கைவிடப்பட்ட பெண்களின் கணக்கை எந்த வரையறைக்குள் வைப்பது? பிறகு வந்தது 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் பட்டியலில் 21 வகைகள். வலிப்பு நோய் அதில் இல்லை. பொதுப்பணித்துறைக்கும் மாற்றுத்திறனாளிக்கும் பி.டபிள்யூ.டி. என்று ஒரே சுருக்கம் இருப்பது தற்செயல். விலக்கி வைப்பதற்கு வலிப்பு என்ற சொல் பயன்பட்டதும் சலுகை தருவதற்குப் பயன்படாமல் போனதும் தற்செயல் இல்லை.

ஆகவே அர்த்தங்களின் விளையாட்டைக் கொண்டாடுவதற்கு முன், அர்த்தத்தை முடிவு செய்கிற இடம் எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. கோரிக்கை சின்னதுதான். சீட்டில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் முழுசாக, தமிழில், படிக்கும்படி இருக்க வேண்டும். வந்தது ஒரு தடவை வலிப்பா, வலிப்பு நோயா என்பது தெளிவாக இருக்க வேண்டும். நோய் என்றால் அது தீர்ந்ததாகக் கருதும் கணக்கும் சேர்ந்திருக்க வேண்டும்: 10 ஆண்டுகள் வலிப்பு வராமல், அவற்றில் கடைசி 5 ஆண்டுகள் மருந்தும் இல்லாமல் இருந்தால் தீர்ந்ததாகக் கொள்ளலாம் என்று அதே 2014 வரையறை சொல்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடமும் வேலைக்கு எடுக்கிற முதலாளியிடமும் காட்ட அவருக்கு அந்த வரி வேண்டும்.