எண்ணிக் காட்டிய காதல்

காதற் பாட்டைக் கற்பிக்கக் கூசுவது, கற்பித்தாலும் அதன் உயிரைக் கிள்ளி எறிந்துவிட்டுச் சக்கையைக் கையில் கொடுப்பது - இவ்விரண்டும் நம் வகுப்பறைகளைப் பற்றிய பழம்பிணிகள். எலிசபெத் பாரட் பிரௌனிங் அம்மையாரின் நாற்பத்து மூன்றாம் சானெட்டுக்கு நேர்ந்துள்ள கதியைப் பாருங்கள்! காதலின் வகைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டும் பதினான்கடிப் பாட்டு அது. ஆங்கிலம் பயிலும் நாடெல்லாம் மாணவர் அதை மனப்பாடம் செய்கின்றனர். பாச்சலூர் மலையில் ஆசிரியப் பணி புரியும் என் கைக்கும் அதற்கொரு துணைநூல் வந்து சேர்ந்தது. அடிக்கு ஐந்து சீர், எதுகை அமைப்பு இன்னது, ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவது இன்ன அணி - எல்லாம் சரி. பொருள் கூற வந்த இடத்திலோ, கணவன்மீது மனைவி கொண்ட மாறாத பக்தி என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டது அந்நூல்!

மனைவியா? பக்தியா? ஆண்டுகளைப் பார்ப்போம், தோழர்களே.

1845 ஜனவரி 10 அன்று, முன்பின் பார்த்தறியாத எலிசபெத்துக்கு ராபர்ட் பிரௌனிங் முதல் மடல் எழுதுகிறார். மே 20 அன்று முதற் சந்திப்பு. அம்மையாருக்கு அப்போது வயது 39. ராபர்ட் ஆறாண்டு இளையவர். அம்மையார் நெடுநாள் நோயாளி. இலண்டன் விம்போல் தெருவில் ஓர் அறையே அவர் உலகம். அவ்வறைக்கு வெளியே காவல் நின்றது நோயன்று, தந்தையின் ஆணை! பன்னிரு மக்களைப் பெற்ற அந்தத் தந்தை, அவர்களுள் எவரும் மணமுடிக்கலாகாது என்றார். இன்ன மணமகன் ஆகாது என்பதன்று அவர் தடை. எம்மணமும் ஆகாது என்பதே! அக்குடும்பத்துச் செல்வம், ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் வியர்வை சிந்தி விளைத்த செல்வம். மனிதரை உடைமையாக எண்ணிய குடும்பத்தில், அப்பழக்கம் தோட்டத்து வேலியோடு நின்றுவிடுமா? வீட்டிலும் புகுந்தது. அந்தச் செல்வத்தில் வளர்ந்த மகளோ, 1848இல், தப்பியோடும் அடிமைப் பெண்ணின் குரலாக ஒரு பாட்டை அமெரிக்க அடிமை எதிர்ப்பு ஏடொன்றுக்குத் தந்தார். துணைநூல் அதைக் கூறவில்லை. கூறுமா?

இந்தத் தடைக்கு நடுவே, 1845-46இல், ஒருவரும் அறியாமல் எழுதப்பட்டவையே அந்த நாற்பத்து நான்கு சானெட்டுகள். நம் நாற்பத்து மூன்றாவது பிறந்தபோது கணவனும் இல்லை, மனைவியும் இல்லை. 1846 செப்டம்பர் 12 அன்று மாரிலபோன் தேவாலயத்தில் கமுக்கமாகத் திருமணம். மணமகள் அன்றே தந்தையின் வீட்டுக்குத் திரும்பி, ஒன்றும் நடவாதது போல் ஒரு வாரம் இருந்து, பிறகு பணிப்பெண்ணோடும் செல்ல நாயோடும் ராபர்ட்டுடன் இத்தாலிக்குப் புறப்பட்டார். தந்தை மன்னிக்கவேயில்லை. மகள் எழுதிய மடல்களைப் பிரிக்காமலே வைத்தார். 1857இல் அப்படியே இறந்தும் போனார். பாட்டுகளைக் கணவர் கண்டது 1849இல்தான். அடுத்த ஆண்டு அச்சேறியபோதும், போர்ச்சுகீசிய மொழியிலிருந்து பெயர்த்தவை போன்ற ஒரு தலைப்பை முகத்திரையாக இட்டனர்.

தமிழ் இலக்கணம் பயின்ற மாணவனுக்கு இத்தனையும் இரண்டு சொற்களில் விளங்கும்: களவு, உடன்போக்கு. ஆனால் நம் நாட்டில் உடன்போக்கு ஏட்டோடு நிற்கும் துறையன்றே! 2016 மார்ச் 13 அன்று, இம்மலைகளுக்குக் கீழே, பழனிக்கு மேற்கேயுள்ள உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்னும் இளைஞர் பட்டப்பகலில், பலர் பார்க்க வெட்டப்பட்டு மாண்டார். அவ்வூர் வழியே பேருந்தில் போய் வரும் பிள்ளைகளிடம் இந்தச் சானெட்டை மனைவியின் பக்தி என்று சொல்லிக் கொடுக்க எனக்கு நா எழவில்லை.

இனிப் பாட்டுக்கு வருவோம். சானெட் வடிவத்தைப் புகழ்பெறச் செய்த இத்தாலியப் பெத்ரார்க்கின் கவிதையில் பாடுபவன் ஆண். லாரா பாடப்படும் பொருள், அவளுக்கு வாயில்லை. அதே வடிவத்தை எடுத்துப் பெண்ணை வாய்திறக்கச் செய்ததே அம்மையாரின் முதற் புரட்சி. சங்கத் தமிழைக் கற்றவர்க்கு இது வியப்பன்று. வெள்ளிவீதியார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வாய்திறந்துவிட்டார்.

பாட்டின் தொடக்கத்தில் தலைவி தன் காதலுக்கு ஆழமும் அகலமும் உயரமும் காண்கிறாள். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை அறிந்தவன் இங்கே துள்ளி எழ வேண்டாமா? தேவகுலத்தாரின் தலைவியும் நட்பை மும்முகமாக அளந்தாள் - நிலத்தைக் கொண்டு, வானைக் கொண்டு, கடல்நீரைக் கொண்டு. வேறுபாடும் உண்டு. தமிழ்த் தலைவியின் அளவுகோல் புறத்தே கிடக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஆங்கிலத் தலைவியின் அளவுகோல் உயிருக்குள் நீள்கிறது, கைக்கு எட்டவில்லை. தமிழ்ப் பாட்டு குறிஞ்சிப் பூவின் தேனோடு முடிகிறது. 2018இல் கொடைக்கானல் மலைகள் நீலம் போர்த்ததைக் கண்ட பிள்ளைகளுக்கு அதற்கு உரையே வேண்டியதில்லை. ஆங்கிலப் பாட்டிலோ ஒரு பூ இல்லை. அருவச் சொற்களே அடுக்கி வருகின்றன. அது குறைதான்.

அக்குறையை ஈடுசெய்வது ஓரிடம். ஞாயிற்றின் ஒளியிலும் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் எழும் அன்றாடச் சின்னஞ்சிறு தேவை போன்றது தன் காதல் என்கிறாள். வானளாவப் பேசியவள் சட்டென்று வீட்டுக்குள் வந்துவிட்டாள்! மழைக்காலத்தில் மின்சாரம் போய், மெழுகுவத்தி ஒளியில் பாடம் எழுதும் மலைப்பிள்ளைகளுக்கு அவ்வடி உடனே பிடிபடுகிறது. பாட்டிலேயே சிறந்த அடி அதுவே என்பேன்.

அடுத்து வருவது உவமை அன்று, அறைகூவல்: உரிமைக்குப் போராடுவோரின் தன்னியல்பும், புகழ்ச்சிக்கு முகம் திருப்புவோரின் தூய்மையும் தன் காதலில் உண்டு என்கிறாள். அடிமைத் தோட்ட உரிமையாளரின் மகள் கூறுகிறாள் இதை! பழந்துயரைப் பற்றிப் பேசுவதும் வெறும் அலங்காரமன்று. 1840இல் டார்க்கி கடலில் மூழ்கி இறந்த உடன்பிறந்தானை எண்ணியே அந்த இல்லத்தில் அவர் ஆண்டுகளைக் கழித்தார். பிள்ளைப் பருவத்துப் புனிதர்களிடம் இழந்துபோன பற்று இப்போது மனிதன்மேல் வந்து நிற்கிறது என்னும்போது, துணைநூல் கூறும் பக்தி எங்கே போயிற்று? கோயிலிலிருந்து இறங்கி மனிதனிடம் வந்துவிட்டது!

இறுதியிலோ பாட்டு தளர்கிறது. இறந்தபின் இன்னும் மிகுதியாகக் காதலிப்பேன், கடவுள் திருவுளம் கொண்டால், என்று முடிக்கிறார். தேவகுலத்தாரின் தலைவிக்கு அப்படியொரு இசைவு தேவைப்படவில்லை. பெற்ற தந்தையிடமே கேளாமல் புறப்பட்டவர், போகும் வழியில் கடவுளிடம் மட்டும் ஏன் கேட்க வேண்டும்?