வேதக் குறியீடும் தமிழ் உள்ளுறையும்

வேதப் பாடல்களை வேள்விக்குரிய மந்திரங்களாகக் கொள்வது ஒரு நெறி. அகவுணர்வின் படிநிலைகளைச் சுட்டும் குறியீடுகளாகக் கொள்வது மற்றொரு நெறி. முன்னதற்கு 14ஆம் நூற்றாண்டில் விசயநகரப் பேரரசில் எழுந்த சாயணர் உரை சான்றாகும். பின்னதை ஸ்ரீ அரவிந்தர், புதுச்சேரியிலிருந்து வெளிவந்த 'ஆரியா' இதழில் 1914 முதல் 1916 வரை எழுதிய 'வேத ரகசியம்' தொடரில் விளக்கினார். மயிலாப்பூரில் பிறந்த கபாலி சாஸ்திரியார் (1886–1953) அவ்வழி நின்று, இருக்கு வேதத்தின் முதல் அட்டகத்திற்குச் 'சித்தாஞ்சனம்' என்னும் வடமொழி உரை கண்டார். அவ்விருவர் பெயராலும் அமைந்த பெங்களூரு நிறுவனத்தின் வழியே ஆர். எல். காசியப் இந்நோக்கிலான ஆங்கில மொழிபெயர்ப்புகளை வெளியிட்டார். இந்நெறியைத் தமிழ்ப் பொருள்கோள் மரபுடன் ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'கோ' என்னும் வடசொல் பசுவையும் ஒளிக்கதிரையும் குறிக்கும். அரவிந்தரின் விளக்கம் இவ்விருபொருண்மையிலிருந்து தொடங்குகிறது. பசு ஞான ஒளி, குதிரை உயிராற்றல், அக்கினி இறைத் திருவுளம், விருத்திரன் அவ்வொளியை மறைக்கும் தடை. ஒரு சொல்லுக்குக் கொண்ட பொருளைப் பாடல்தோறும் பொருத்திக் காண முயல்வதே இந்நெறியின் வலிமை. மனம்போன போக்கில் உட்பொருள் கற்பிப்பதினின்று இது வேறுபட்டது.

எனினும், புறப்பொருளுக்கு இந்நெறி தரும் இடம் ஆராய்தற்குரியது. தொல்காப்பியர் உள்ளுறைக்குத் தெய்வம் ஒழிந்த கருப்பொருளையே நிலைக்களனாக்கினார். மருதத்து எருமை முதலில் எருமையாகவே வயலில் மேய வேண்டும். அதன் பின்னரே அது தலைவனின் ஒழுக்கத்தைச் சுட்டும். வைணவ உரையாசிரியர்களும் தூது செல்லும் பறவையை ஆசாரியராகக் கொள்ளுமிடத்துத் தலைவியின் ஆற்றாமையைக் கைவிடுவதில்லை. அரவிந்தரும் இருபொருள் உண்டென ஏற்றவரே. ஆயினும் அவருக்குப் புறப்பொருள் பெரிதும் மறைபொருளைக் காக்கும் திரையாகும்.

பத்தாம் மண்டலத்தின் 108ஆம் சூக்தம் இதற்குத் தக்க களம். பணிகள் மறைத்துவைத்த ஆநிரையைத் தேடிச் சென்ற சரமை அவர்களுடன் உரையாடுகிறாள். வெட்சியும் கரந்தையும் பயின்ற தமிழ்க் கற்போர்க்கு நிரை இழப்பின் துயரும் மீட்பின் பெருமிதமும் விளக்கமின்றியே புலப்படும். அவ்வாழ்வை விலக்கிப் பசுவை ஒளியென்று மட்டும் கொள்ளின், ஒளியை இழந்த துயரை உணர்த்தும் வாயில் அடைபடும். நிரை இழந்தோரின் துயரே குறியீட்டிற்கு உயிர் அளிப்பது.

எனவே வேதத்தின் அகப்பொருளை மறுக்க வேண்டுவதில்லை. அது புறப்பொருளின் மீதே நிற்க வேண்டும் என்பதே உள்ளுறை மரபு உணர்த்தும் அளவுகோலாகும்.