கிளிக் செய்தும் தொடங்காத விளையாட்டு

தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ். நான் காஞ்சிபுரத்தில் கேட்டறிந்தவரை, இரண்டாவதைத் திறந்து பார்த்தவர் மிகச் சிலரே. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், பழைய கணினியை வைத்திருப்போர் இப்போது லினக்ஸின் பக்கம் திரும்புகிறார்கள். மாணவன் அங்கே முதலில் தேடுவது பாடத்தை அல்ல, தன் விளையாட்டை! அதன் படத்தின்மீது கிளிக் செய்கிறான். ஒன்றுமே நிகழ்வதில்லை. “லினக்ஸ் நமக்கு உதவாது” என்று தீர்ப்பளித்துவிட்டு அன்றே திரும்பிப் போய்விடுகிறான். இத்தீர்ப்பு சரிதானா என்று ஆராய்வோம்.

விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டு லினக்ஸில் எவ்வாறு ஓடுகிறது? இரண்டிலும் கணக்கிடும் சில்லு ஒன்றே. ஆகவே கூட்டல், பெருக்கல் போன்ற கட்டளைகளுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கோர்வைச் சேலை நெய்யும் தறியைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெசவாளருக்குப் பக்கத்தில் துணையாள் ஒருவர் வேண்டும். நெசவாளர் தெலுங்கில் குரல் கொடுக்க, துணையாளுக்குத் தமிழ் மட்டுமே தெரியுமென்றால் கை வேலை எல்லாம் சரியாக இருந்தும் தறி நின்றுவிடும். விளையாட்டும் இப்படித்தான். “கோப்பைத் திற”, “திரையில் முக்கோணம் வரை” என்று அது விண்டோஸின் மொழியில் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அக்குரலைக் கேட்டு லினக்ஸிடம் வேலை வாங்கித் தரும் மென்பொருளே ‘ஒயின்’. 1993-இல் தொடங்கிய இம்முயற்சியின் 1.0 பதிப்பு வெளிவந்தது 2008-இல்தான்! விண்டோஸின் மூல நிரலைப் பார்க்காமல், வெளியிலிருந்து அதன் நடத்தையை ஆராய்ந்தே இதை எழுதினார்கள். அறிவியல் மாணவர்கள் வியக்கவேண்டிய உழைப்பு இது.

இதன்மீது எழுந்ததுதான் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட ‘புரோட்டான்’. (அணுக்கருவிலுள்ள புரோட்டானுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை, தேர்வுத்தாளில் எழுதிவிடாதீர்கள்.) விண்டோஸின் ‘டைரக்ட்3டி’ என்னும் படவரைவு மொழியை ‘வல்கன்’ என்னும் பொதுமொழிக்கு மாற்றும் பகுதியும் இதில் சேர்ந்துள்ளது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் இதனால் லினக்ஸில் ஓடுகின்றன. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இதில் பெரிய குறை சொல்ல என்னால் இயலாது.

என் குறை அதன் மௌனத்தைப் பற்றியது. விளையாட்டு தொடங்காதபோது, ஏன் தொடங்கவில்லை என்று திரையில் ஒரு வரிகூடப் பெரும்பாலும் வருவதில்லை. காரணம் நிரலுக்குத் தெரிந்திருந்தும் பயனருக்குத் தெரிவிப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்ப வருபவை நண்பர்களின் யோசனைகள்: புரோட்டானின் பதிப்பை மாற்று, படவரைவு இயக்கியை மாற்று, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவு! ஆய்வகத்தில் மின்னழுத்தத்தையும் மின்தடையையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு மின்னோட்டம் ஏன் மாறியது என்று கேட்டால் என்ன விடை கிடைக்கும்? விளையாட்டு தற்செயலாக ஓடினாலும் எதனால் ஓடியது என்பது தெரியாது.

ஆனால் சான்று கிடைக்காமலில்லை. ஸ்டீமில் அந்த விளையாட்டின் ‘லாஞ்ச் ஆப்ஷன்ஸ்’ கட்டத்தில் ‘புரோட்டான்’, ‘லாக்’ என்னும் இரு சொற்களையும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், நடுவே அடிக்கோடிட்டு எழுதுங்கள். இடைவெளியின்றிச் சமக்குறியும் 1-உம் இடுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு, ‘கமாண்ட்’ என்பதைச் சிறிய எழுத்துகளில் இரு சதவீதக் குறிகளுக்கு நடுவே எழுதுங்கள். விளையாட்டைத் தொடங்க முயன்றால் உங்கள் முதன்மைக் கோப்புறையில் பதிவுக்கோப்பு ஒன்று உருவாகியிருக்கும். அதில் ‘ஃபிக்ஸ்மி’ எனத் தொடங்கும் வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவை பெரும்பாலும் தீங்கற்றவை, அஞ்சவேண்டாம். ‘எரர்’ என்பதன் முதல் மூன்று எழுத்துகளோடு தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். ஒரு துணைநூலகம் கிடைக்கவில்லை என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால், ‘புரோட்டான்டிரிக்ஸ்’ என்னும் கருவியால் அதை மட்டும் நிறுவிப் பாருங்கள்.

இரட்டை இயங்குதளக் கணினிகளில் மிகுதியாகக் காணப்படும் நோய் வேறு. இடத்தை மிச்சப்படுத்த எண்ணி, விண்டோஸின் ‘டி’ பகுதியிலுள்ள விளையாட்டையே லினக்ஸிலிருந்தும் திறக்க முயல்கிறோம். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதி இருந்தால், கணினியை நிறுத்தினாலும் அது முழுமையாக நிற்பதில்லை. அரைத் தூக்கத்தில் இருக்கிறது. அந்நிலையில் லினக்ஸ் அப்பகுதியைப் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. புரோட்டானோ ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறு போலி விண்டோஸ் கோப்புறையை அதே வட்டுப் பகுதியில் எழுதியாகவேண்டும். எழுத முடிந்தாலும் இன்னொரு தடை உண்டு: அக்கோப்புறைக்குள் ‘சி’ எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயர் ஒன்று உருவாகவேண்டும், கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை விண்டோஸ் ஏற்பதில்லை. அப்பகுதி லினக்ஸில் உங்கள் பெயரில் இல்லாவிட்டால், உரிமையில்லாத இடம் என்று ஒயினும் மறுத்துவிடும். ஒரே தவறு, மூன்று வாயில்களிலும் பூட்டு! விளையாட்டை லினக்ஸின் சொந்தப் பகுதிக்கு மாற்றினால் போதும். இதைத் திரையில் ஒரு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் எத்தனை மாலைப்பொழுதுகள் மிஞ்சியிருக்கும்!

அடுத்தது சில்லின் வயது. 2011-இல் வந்த இன்டெல் ‘சாண்டி பிரிட்ஜ்’ சில்லுகளின் படவரைவுப் பகுதிக்கு லினக்ஸில் வல்கன் இயக்கி கிடையாது. மொழிபெயர்த்தும் கேட்க ஆளில்லை. ‘ஒயின்டி3டி’ என்னும் பழைய வழியைத் தேர்ந்தால் படவரைவு ‘ஓப்பன்ஜிஎல்’ மூலம் நடக்கும்; வேகம் குறைந்தாலும் எளிய விளையாட்டுகள் ஓடக்கூடும்.

எந்தத் திருத்தத்துக்கும் இணங்காத விளையாட்டுகளும் உள்ளன. ‘வேலரன்ட்’ விளையாட்டின் ‘வேன்கார்ட்’ என்னும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் கருப்பகுதிக்குள்ளேயே அமர்ந்து காவல் காப்பது. லினக்ஸில் அதற்கு இடமில்லை, விளையாட்டும் ஓடாது. ‘ஈசி ஆன்ட்டி-சீட்’, ‘பேட்டில்ஐ’ ஆகியவை 2021 முதல் புரோட்டானோடு இணங்க வழி செய்துள்ளன. ஆயினும் அவ்வழியைத் திறப்பதோ மூடுவதோ விளையாட்டை வெளியிடுவோர் விருப்பம். அவர்கள் மூடி வைத்திருந்தால், பதிவுக்கோப்பை எத்தனை முறை படித்தாலும் பயனில்லை.